குடும்பத் தலைவர் நீக்கம்

சுபலட்சுமிக்கு நாற்பத்திரண்டு வயது. தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டியில் தில்லை நகருக்கு வந்து, மூன்றே பேர் உள்ள ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறாள். கெட்டிக்காரிதான். ஆனால் எல்லாம் நேற்றே முடிந்திருக்க வேண்டும் என்கிற முதலாளியிடம் கெட்டிக்காரத்தனம் எத்தனை நாள் தாங்கும்?

தென்னூரில் ஓர் அறக்கட்டளை இலவச டயாலிசிஸ் நடத்துகிறது. பத்தே படுக்கை; வரிசையில் இருநூறு பேர். அந்தக் காத்திருப்புப் பட்டியலுக்கு நாலே நாளில் புரோகிராம் வேண்டும் என்றார் முதலாளி தைரியராஜ்.

"புதுசா எதுக்கும்மா எழுதணும்? ஓட்டல் பில் புரோகிராம் இருக்குல்ல, பேரை மட்டும் மாத்துங்க."

மாற்றினாள். அறக்கட்டளையில் நோயாளி யாரானாலும் பதிவு குடும்பத் தலைவர் பெயரில்தான். அதனால் பில் இருந்த இடத்தில் குடும்பத் தலைவர். இட்லியும் காபியும் இருந்த இடத்தில் குடும்பத்தினர். ஒவ்வொருவர் வரியிலும் தலைவரின் எண் ஒட்டிக்கொண்டிருக்கும். யார் யாரைச் சேர்ந்தவர் என்று கம்ப்யூட்டருக்குத் தெரிவது அந்த எண்ணால்தான். தலைவரை நீக்கினால் அவரைச் சேர்ந்த வரிகளை என்ன செய்வது என்றும் அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். ஓட்டலில் பில்லை அழித்தால் இட்லியும் சேர்ந்து அழியத்தான் வேண்டும். அந்த ஒரு கட்டளையை மாற்ற மறந்துவிட்டாள்.

போன மாதம் ஜீயபுரத்து அம்மாசி மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். கவுன்ட்டரில் இருக்கும் வீரமலை அவர் பெயரை நீக்கினார். வரிசையில் முதல் ஆளாக இருந்த அவர் மனைவி இருசம்மாளும் சத்தமில்லாமல் நீங்கிப்போனாள். மறுவாரமே ஒரு படுக்கை காலியானது. அது அடுத்தவருக்குப் போனது.

இன்று இருசம்மாள் வந்து கேட்டபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சுபலட்சுமி பதறிக்கொண்டு ஓடினாள். தப்பைத் திருத்தப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இருசம்மாளை மறுபடி முதல் ஆளாக ஏற்றினாள். ஏற்றி என்ன பிரயோஜனம்? கொடுத்த படுக்கையிலிருந்து ஒருவரை எழுப்பிவிட முடியாது. இடம் கிடைத்தவர்களில் ஒருவர் செத்தால்தான் அடுத்த இடம். வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்ய வேண்டிய உடம்பை இருசம்மாள் வெளியே காசு கொடுத்து மாதம் இரண்டு முறையில் ஓட்டிக்கொண்டிருந்தாள். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. அதைக் கையில் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே எப்பம்மா கெடைக்கும்?"

யாராவது சாகட்டும் என்று ஒரு கணம் சுபலட்சுமியின் மனசு நினைத்தது. தன்மீதே அருவருப்பாக இருந்தது.

"என் தப்புதாம்மா. நான்தான் அதைச் சரியா எழுதலை."

இருசம்மாள் செருப்பைக் கீழே வைத்தாள்.

"நீ என்னம்மா பண்ணுவ? நான்தானே காரியம் முடிஞ்ச மறுநாளே வந்து சொன்னேன், அவரு பேரை எடுத்துருங்கன்னு. செத்தவரு பேரு ஒருத்தரோட எடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கக் கூடாதுல்ல."