காலைக்காட்சி ஹவுஸ்ஃபுல்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருக்கும் பழைய தியேட்டர் ஒன்றின் டிக்கெட் கவுன்ட்டரில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருப்பவர் பீம்ராவ். வியாசர்பாடியில் பிறந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் வீட்டுப் பக்கமாகத் திருவொற்றியூருக்கு வந்துவிட்டார். நாற்பத்தேழு வயது. யாரையும் அதட்டிப் பேசத் தெரியாது. டிக்கெட் தீர்ந்துபோனால்கூட "நாளிக்கு வாயேம்பா" என்பாரே தவிர, 'இல்லை' என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லமாட்டார்.

போன வருடம் 'நிழல்துறை' என்று ஓர் உளவுப் படம் வந்தது. துறைமுகம் வழியாக வெடிகுண்டு கடத்துகிறவர்களை ஒற்றனாக வேஷம் மாறிப் போய் ஹீரோ பிடிக்கிற கதை. முதல் பத்து நாள் நிஜமாகவே நல்ல கூட்டம். மூன்றாவது வாரத்தில் சாயங்காலக் காட்சிக்கு மட்டும் ஆள் வந்தது. நான்காவது வாரம், இதுவரை எந்தப் படமும் வசூலிக்காத தொகையை இது தொட்டுவிடும், இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று செல்போன்களில் செய்தி ஓடியது. தியேட்டருக்கு எதிர்த்த டீக்கடையில் ரசிகர்கள் தேர்தல் முடிவைப் போல மணிக்கொரு தரம் அதைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரம்தான் தியேட்டரைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் சாலமோன் அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மளிகை மொத்த வியாபாரம் செய்து மேலே வந்தவர்.

"பீம்ராவு, நாளையிலேருந்து காலைக்காட்சியும் மதியக்காட்சியும் மொத்தமா போயிட்டு. படத்து ஆளுகளே எல்லா சீட்டையும் வாங்கிட்டாவ. ஆன்லைன்ல எல்லா சீட்டும் வித்துட்டதா பூரா செவப்பாயிரும். கவுன்ட்டர்ல வாறவன்ட்ட ஹவுஸ்ஃபுல்னு சொல்லிரணும், என்ன?"

"பாக்க ஆள் வருவாங்களா அண்ணாச்சி?"

"ஒருத்தனும் வரமாட்டான். ரெக்கார்டுக்காவ வாங்குதானுவ. படம் பாட்டுக்கு ஓடும்."

"சீட்டு காலியாத்தானே கெடக்கும். வர்றவங்கள உள்ள வுட்டா இன்னா?"

சாலமோன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஆள் இருந்தா ஏசி போடணும். மூணு மணி நேரம். இந்தக் கட்டடத்த இழுத்து மூடாம நடத்துததே பெரும்பாடு. நீயே சொல்லு, நான் என்ன செய்யட்டும்?"

 அந்தக் கட்டடம் மூடினால் தனக்கும் வேறு வேலை இல்லை என்று பீம்ராவுக்குத் தெரியும். மறுநாள் காலை 'ஹவுஸ்ஃபுல்' போர்டை எடுத்து வாசலில் அவரே மாட்டினார்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணி. ஒரு புருஷன் பெண்டாட்டி கவுன்ட்டருக்கு வந்தார்கள். புருஷனின் முகம் பீம்ராவுக்குத் தெரியும். லட்சுமணன், அந்த ஹீரோவின் தீவிர ரசிகன். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் சிமென்ட் மூட்டை இறக்குகிறவன். ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு, யார்டுக் குழாயிலேயே குளித்துவிட்டு வந்திருந்தான். அப்படியும் புருவத்திலும் காதோரத்திலும் சிமென்ட் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவன் மனைவி பூவம்மா. கிளிப்பச்சைப் புடவை, தலை நிறையக் கனகாம்பரம்.

"அண்ணே, ரெண்டு குடு. இன்னிக்குத்தான் இவளுக்கு லீவு கெடச்சுது. கொட்டாயில படம் பாத்து பதினோரு வருசம் ஆவுது இவ."

"இல்லப்பா. ஹவுஸ்ஃபுல்."

"வேல நாளு, காலைல, ஹவுஸ்ஃபுல்லா?" என்று லட்சுமணன் வாயைப் பிளந்தான்.

"போர்டு கீது பாரு. சாய்ங்காலம் வாயேன்."

"சாய்ங்காலம் சிமிட்டி வண்டி வருதுண்ணே, வர முடியாது. ஓரமா ரெண்டு சீட்டு? படிக்கட்டுல குந்திகினுகூட பாத்துப்போம்."

"நான் இன்னாப்பா பண்றது?"

லட்சுமணனுக்குக் கோபம் வரவில்லை. மனைவியின் பக்கம் திரும்பி, "பாத்தியா? நாலாவது வாரம்! நம்மாளுன்னா சும்மாவா!" என்று சிரித்தான். பூவம்மா சிரிக்கவில்லை. கவுன்ட்டர் கம்பிக்குள் இருந்த பீம்ராவின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, புருஷனோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

கொஞ்ச நேரத்தில் படத்து ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஹவுஸ்ஃபுல் போர்டை போட்டோ எடுத்தார்கள். திரையில் படம் ஓடுவதையும் எடுக்க வேண்டும் என்றார்கள். பீம்ராவ் கேட்டைத் திறந்து அவர்களை உள்ளே அழைத்துப்போனார்.

எழுநூறு நாற்காலி. ஒரு தலை இல்லை. ஏசி ஓடாததால் உள்ளே புழுங்கியது. திரையில் ஹீரோ கப்பலிலிருந்து கடலில் குதித்தான். முதல் வாரம் விசில் சத்தத்தில் காது அடைத்துப்போன இடம் அது. இப்போது வசனம் சுவரில் மோதித் திரும்பி வந்தது. பின்வரிசை ஓரத்தில் இரண்டு நாற்காலிகள் அவர் கண்ணில் பட்டன. 'அங்கே உட்கார வைத்திருந்தால் யாருக்கு என்ன குறைந்திருக்கும்?' என்று நினைத்தார். சட்டென்று வெளியே வந்து பஸ் ஸ்டாப்பை எட்டிப் பார்த்தார். ஓடிப்போய்க் கூப்பிட்டுவிடலாம் என்று காலும் எடுத்து வைத்தார். அதற்குள் பஸ் வந்து நின்று, கிளம்பியும் விட்டது.

ஞாயிற்றுக்கிழமை, பழைய சாதனையைப் படம் முறியடித்துவிட்டதாக அறிவித்தார்கள். டீக்கடை முன்னால் பட்டாசு வெடித்து, கேக் வெட்டினார்கள். லட்சுமணனும் வந்திருந்தான். வேறு நடிகரின் ரசிகனான ஆட்டோக்காரன் எபினேசர் டீ குடித்துக்கொண்டே சீண்டினான்.

"எல்லாம் டுபாக்கூர்டா. அவனே மொத்தமா டிக்கெட்ட வாங்கிட்டு அவனே கணக்கு காட்டிக்கிறான்."

"டேய், நேர்ல போனவன்டா நானு!" லட்சுமணன் கத்தினான். "வியாயக்கெழம காலை ஆட்டம். பொண்டாட்டிய இட்டுகினு போயி டிக்கெட் இல்லாம திரும்பி வந்தேன். டுபாக்கூர்னா எனக்கு ஏன்டா டிக்கெட் கெடைக்கல? தோ, கவுன்ட்டர் அண்ணனே கீறாரு. அண்ணே, நீ சொல்லு!"

எல்லாரும் பீம்ராவைப் பார்த்தார்கள். டீ கிளாஸ் கையில் சுட்டது.

"ஆமாம்பா. ஹவுஸ்ஃபுல்தான்" என்றார்.

எபினேசர் வாயை மூடிக்கொண்டான். லட்சுமணன் பாய்ந்து வந்து பீம்ராவைக் கட்டிக்கொண்டு, பெரிய கேக் துண்டு ஒன்றை அவர் வாயில் திணித்தான். அதை விழுங்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். கவுன்ட்டரில் சொன்ன பொய்யாவது அண்ணாச்சி சொல்லச் சொன்னது. இது தானாகச் சொன்னது.

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கம்பிக்கு வெளியே யார் வந்து நின்றாலும் கிளிப்பச்சைப் புடவைதான் தெரிந்தது. அடுத்த வாரம் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, கொருக்குப்பேட்டை யார்டில் விசாரித்து, வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் அவர்கள் இருந்த ஹவுசிங் போர்டு வீட்டைத் தேடிப் போனார். மூன்றாவது மாடி. லட்சுமணன் இல்லை. பூவம்மாதான் கதவைத் திறந்தாள்.

"தியேட்டர்லேர்ந்து வரேம்மா. கவுன்ட்டர்ல குந்தினு இருப்பேனே..."

அவளுக்கு அடையாளம் தெரிந்தது. வாங்க என்று சொல்லவில்லை. கதவை மட்டும் முழுக்கத் திறந்தாள். உள்ளே சுவரில் புத்தர் படமும், அதற்குப் பக்கத்தில் நீலக் கோட்டும் கையில் சட்டப் புத்தகமுமாக நிற்கும் தலைவர் படமும் மாட்டியிருந்தன.

"அன்னிக்கு டிக்கெட் இல்லன்னது பொய்மா. உள்ள ஒர்த்தர்கூட இல்ல" என்று நின்றபடியே சொன்னார்.

"தெரியும்" என்றாள் பூவம்மா.

"எப்டிம்மா?"

"ஸ்டாண்டுல ரெண்டே ரெண்டு வண்டி நிக்குது. ஹவுஸ்ஃபுல்லுன்னா ரோடு வரைக்கும் நிக்காதா? அப்பால ஷூ போட்டுகினு ரெண்டு பேரு வந்தாங்க. அவுங்களுக்கு மட்டும் கேட்ட தொறந்து வுட்டீங்க. பஸ் ஸ்டாப்புலேர்ந்து பாத்துகினுதான் இருந்தேன்." கதவில் சாய்ந்துகொண்டு சொன்னாள். "அவரு மூஞ்செல்லாம் சிமிட்டி. எம்மாந் தேச்சும் போவல. எங்கள மாதிரி ஆளுங்க குந்தினா சீட்டு கலீஜாயிடும்னு தொரத்திட்டீங்கன்னு நெனச்சேன்."

 இப்படி ஒரு அர்த்தம் அதற்கு இருக்கும் என்று பீம்ராவ் கனவிலும் நினைக்கவில்லை.

"ஐயோ, இல்லம்மா! நானும் வியாசர்பாடிதாம்மா."

"பேரு இன்னா?"

"பீம்ராவ்."

பூவம்மா சுவரில் இருந்த நீலக் கோட்டுத் தலைவர் படத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அந்தப் பேரை வைத்திருக்கிற அவரைப் பார்த்தாள்.  அவள் திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

படத்து ஆட்கள் மொத்தமாக வாங்கியது, ஏசி, போட்டோ என்று நடந்ததையெல்லாம் அவர் தட்டுத்தடுமாறிச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப அந்த ரிகார்டு?"

"கொஞ்சம் நெசம்மா. மிச்சம் இப்டித்தான்."

"இத்த அவருகிட்ட சொல்லாதீங்க."

"அவருகிட்ட சொல்லி மன்னிப்பு கேக்கத்தாம்மா வந்தேன்."

"நீங்க சொல்லிட்டு எறங்கிப் போயிடுவீங்க. ஒங்க பாரம் கொறையும். அவுருக்கு? டிக்கெட் கெடைக்காம வந்த கதைய யார்டுல தெனம் சொல்லிகினு கீறாரு. அதான் அவுரு பாத்த படம். அத்தயும் புடுங்கிடாதீங்க."

 "அடுத்த படத்துக்கு நீங்க ரெண்டு பேரும் வாங்கம்மா. நானே உள்ள இட்டுகினு போயி குந்த வெக்கிறேன்" என்றார். "பாக்கலாம்" என்றாள் அவள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுப் படியிறங்கினார்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு பெரிய படத்துக்கும் அதேபோலக் காலைக்காட்சியை மொத்தமாக வாங்கினார்கள். பீம்ராவ் போர்டை மாட்டவில்லை. காசு ஏற்கெனவே வந்துவிட்ட சீட்டுத்தானே என்று, வந்தவர்களையெல்லாம் கேட்டைத் திறந்து சும்மாவே உள்ளே அனுப்பினார். மீன் விற்றுவிட்டு வந்த பெண்கள் நாலு பேர், லாரி டிரைவர்கள், காலேஜுக்குப் போகாத பிள்ளைகள் என்று முப்பது பேர் இருக்கும். ஏசியையும் போடச் சொன்னார்.

சாலமோன் காதில் விழுந்ததும் மூச்சிரைக்க ஓடிவந்தார். "நீயா பீம்ராவு? உன்ன நம்பித்தான இருந்தேன்!" என்றார். வேலையை விட்டு அனுப்பவில்லை. கவுன்ட்டரில் வேறு ஆளைப் போட்டுவிட்டு, இவரைப் பால்கனியில் டிக்கெட் கிழிக்கச் சொன்னார். பீம்ராவ் சரி அண்ணாச்சி என்று கவுன்ட்டர் சாவியைக் கொடுத்தார். அன்று ராத்திரி மட்டும் கொஞ்சம் சாப்பிட முடிந்தது.

பொங்கலுக்கு வந்த படத்துக்குத் தன் காசில் இரண்டு டிக்கெட் வாங்கி யார்டுக்குக் கொடுத்தனுப்பினார். லட்சுமணன் மச்சானோடு வந்தான்.

"வீட்டுல வரலியாப்பா?"

"கூப்ட்டேண்ணே. டிவில போட்டா பாத்துக்கிறேன்னுட்டா" என்று சொல்லிக்கொண்டே லட்சுமணன் டிக்கெட்டை நீட்டினான்.

பீம்ராவ் அதைப் பாதியாகக் கிழித்துக் கொடுத்துவிட்டு, டார்ச் அடித்து அவர்களை இடம் பார்த்து உட்கார வைத்தார்.