காத்துதான், வேறொன்றும் இல்லை

எழுதிக் கொடுத்த பாகத்தில் நான் கீழே விழுவதாக இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து நெஞ்சை லேசாகத் தடவிக்கொண்டு, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. ஆனால் எதிரே தலைநகரிலிருந்து வந்த அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் கொட்டாவி விட்டார். அதைப் பார்த்ததும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த கலைஞன் விழித்துக்கொண்டான். உடம்பில் ஒரு குறையும் இல்லாத, நாற்பதைத் தாண்டிய, நாலு நல்ல புத்தகம் படித்த ஆளான நான், மார்பைப் பிடித்துக்கொண்டு, விழிகளை மேலே செருகி, நாற்காலியோடு சரிந்து, பக்கத்திலிருந்த தள்ளுமேசையையும் துணைக்கு இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தேன். அரசாங்கச் சொத்தான எவர்சில்வர் தட்டுகள் அறை முழுவதும் உருண்டு, ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கொட்டாவி விட்டவர் வாயை மூடினார். அந்த நிமிடத்தில் நான் அடைந்த பெருமிதத்தை இன்று நினைத்தாலும் காது சூடாகிறது.

நான் ஏன் அங்கே விழுந்து கிடந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஜொகூர் பாருவை ஒட்டிய பாசிர் கூடாங்கில் தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்பு அறிவிப்புகள் எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில். 'இயந்திரத்துக்குள் கையை விடாதீர்' என்பது நான் எழுதியவற்றில் அதிகம் பேர் படித்த வாக்கியம். மிச்ச நேரத்தில் ஒரு தமிழ் வார இதழில் நகைச்சுவைப் பத்தி எழுதிவந்தேன். அதில் பாதி, எனக்கு இருப்பதாக நானே கற்பித்துக்கொண்ட வியாதிகளைப் பற்றியது. ஒருநாள் ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். "ஒங்க வியாதியெல்லாம் படிச்சேன். ஒண்ணுகூட உண்மையில்ல. அந்த மாதிரி ஆளத்தான் தேடிக்கிட்டிருக்கேன்" என்றார். விமர்சகர்களிடமிருந்து எனக்குக் கிடைத்த நல்ல வார்த்தைகளில் இதுவும் ஒன்று என்பதால் உடனே ஒப்புக்கொண்டேன்.

அவரை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் அழைப்பார்கள். நானும் அப்படியே அழைக்கிறேன். செடெனாக்கைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, ஓர் அரசாங்கக் கிளினிக்கை ஒட்டி மருத்துவ மாணவர்களுக்கான கிராமப்புறப் பயிற்சி மையம் ஒன்றை நடத்திவந்தார். அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவர்கள் ஒரு பருவம் முழுக்க அங்கே வந்து தங்குவார்கள். நோயாளியிடம் பேசக் கற்றுக்கொள்வதற்கு முதலில் பேசிக் கெடுக்க ஒரு நோயாளி தேவை. அதற்குத்தான் நான். இன்றைக்கு மூலம், நாளைக்கு முதுகுவலி, வெள்ளிக்கிழமையானால் மஞ்சள் காமாலை. போக்குவரத்துச் செலவும் மதியச் சாப்பாடும் கொடுத்தார்கள். என் மனைவி இதைக் கேள்விப்பட்டு, "வீட்டுல சும்மா பண்றத அங்க காசுக்கு பண்றீங்க" என்றாள்.

டாக்டரம்மா தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள். பள்ளியிலிருந்து மருத்துவப் பட்டம் வரைக்கும் அரசாங்கச் செலவில் படித்தவர். படித்து முடித்ததும் இத்தனை வருடம் அரசாங்கம் அனுப்புகிற இடத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம். அனுப்பினார்கள், போனார். ஒப்பந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதே, ஜொகூர் பாருவில் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்திருந்தால் இந்நேரம் எங்கேயோ போயிருக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். "முடிஞ்சி போச்சுதான். ஆனா திரும்பி வான்னு யாரும் சொல்லலயே. மறந்துட்டாங்க போல. நானும் ஞாபகப்படுத்தல" என்றார். தியாகம், சேவை என்ற சொற்களை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. யாராவது மேடையில் அவரைப் பற்றி அப்படிப் பேசினால் கைப்பைக்குள் எதையாவது தேட ஆரம்பித்துவிடுவார். மாணவர்களிடம் அடிக்கடி சொல்வது ஒன்றுதான்: "நீங்க பாஸ் பண்றதுக்காக இங்க வரல. பஸ் வராத ஊருக்குப் போறதுக்காக வந்திருக்கீங்க."

அவர் சொல்லிக்கொடுத்ததில் பாதி மருத்துவம்; மீதி, காது கொடுத்துக் கேட்பது. எங்கள் சனங்களுக்கு வரும் நோய்களில் முக்கால்வாசிக்கு ஒரே பெயர்தான்: காத்து. வயிறு உப்பினாலும் காத்து, தோள் பிடித்துக்கொண்டாலும் காத்து, தலை சுற்றினாலும் காத்து. நெஞ்சில் யானை ஏறி உட்கார்ந்தாலும், "நெஞ்சுல காத்து அடைச்சிருக்குலா" என்று சொல்லிவிட்டு ஒரு சோடா வாங்கக் கிளம்புவார்கள். மலாய்க்காரர்களுக்கும் இதே நோய் உண்டு, அவர்கள் மொழியில் அதற்கும் காற்று என்றுதான் பெயர். அதனால் இந்த ஒரு விஷயத்தில் நாட்டில் பூரண ஒற்றுமை நிலவுகிறது. பாடப்புத்தகத்தில் மட்டும் இப்படி ஒரு நோயே கிடையாது. "காத்துன்னு சொன்னா சிரிக்காதீங்க, எழுதி வச்சிட்டு அடுத்த ஆள கூப்புடாதீங்க" என்பார் டாக்டரம்மா. "அந்தக் காத்து எங்க கெளம்புது, எங்க போவுது, வேர்க்குதான்னு கேளுங்க. காத்துக்கு வேர்க்காது."

அந்த வருடம் மையத்தை மூடிவிடும் பேச்சு வந்தது. மாணவர்களைத் தங்கவைத்து, சாப்பாடு போட்டு, வேனில் ஏற்றித் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோவது வீண் செலவு, எல்லாரையும் நகரத்து மருத்துவமனைக்கே திருப்பிக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று மேலே சிலருக்குத் தோன்றியிருந்தது. நேரில் பார்த்து முடிவு செய்ய அதிகாரிகள் வந்தார்கள். பயிற்சி எப்படி நடக்கிறது என்று காட்டுவதற்கு ஒரு மாணவியும் ஒரு நோயாளியும் ஏற்பாடு. மாணவி, ஜொகூர் பாருவில் வளர்ந்த சீனப் பெண். மையத்தில் தங்கிய காலத்தில் பிழையும் துணிச்சலுமாகக் கொஞ்சம் தமிழ் பேசப் பழகியிருந்தாள். நோயாளி, நான். நோய், காத்து என்று தன்னை நினைத்துக்கொண்டிருக்கும் மாரடைப்பு.

ஆரம்பிப்பதற்கு முன்பு மூத்த அதிகாரி மலாயில் கேட்டார்: "இதையெல்லாம் நகரத்திலேயே வீடியோ போட்டுக் கற்றுக்கொடுக்க முடியாதா, டாக்டர்?"

"முடியும், துவான்" என்று மலாயில் 'ஐயா' போட்டுச் சொன்னார் டாக்டரம்மா. "வீடியோவில் எல்லா நோயாளியும் சரியான பதில் சொல்வார்கள்."

அதற்கு மூத்த அதிகாரி சிரிக்கவில்லை. கொட்டாவி விட்டார். அதற்கப்புறம்தான் நான் விழுந்தேன்.

அறைக்கும் வெளியே நோயாளிகள் காத்திருக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவு. தட்டுகள் உருண்ட சத்தத்தில் வெளியே இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். யாரும் தடுப்பதற்குள் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் ஆன்ட்டி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அதிகாரிகளைத் தாண்டி, மாணவியைத் தாண்டி, என் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து தைலக் குப்பியை எடுத்து, என் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, நெஞ்சில் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தார்.

"பயப்படாத தம்பி. காத்துதான்."

"ஆன்ட்டி, ஆன்ட்டி, இது நடிப்பு…" என்றாள் மாணவி.

"நீ கொஞ்சம் நவுரு பாப்பா. படிச்ச புள்ள, பயந்துடுவ. ஆளப் பாத்தாலே தெரியில? எங்க வீட்டுல மூணு நாளா இதே பாடுதான்."

மாணவி நகரவில்லை. அவளும் மண்டி போட்டு உட்கார்ந்தாள். அதுவரை அதிகாரிகள் பக்கமே போய்வந்துகொண்டிருந்த அவள் பார்வை இப்போது ஆன்ட்டியின் முகத்தைவிட்டு நகரவில்லை.

"வீட்டுல யாருக்கு, ஆன்ட்டி?"

"எங்க வீட்டுக்காரருக்குதான். வெளிய காடியில ஒக்காந்திருக்காரு. உள்ள வாங்கன்னா வரமாட்டேங்குறாரு, ஊசி போட்டுடுவாங்களாம். நான் என் சீனி மாத்திர எடுக்கத்தான் வந்தேன்."

"அவர் காத்து எங்க போவுது? நெஞ்சு மட்டும்?"

"நெஞ்சு, அப்புறம் இந்தக் கை, தாடைகூட இழுக்குதுன்னாரு. காலையில சட்ட நனையற மாதிரி வேர்த்துச்சு. காத்து வெளிய வரப்போ வேர்க்கும்லா."

என்னிடம் மன்னிப்புகூடக் கேட்காமல் மாணவி எழுந்து ஓடினாள். டாக்டரம்மா அவள் பின்னாலேயே போனார். முந்திக்கொண்டு போகவில்லை. ஆன்ட்டி தைலக் குப்பியோடு அவர்களுக்குப் பின்னால். அறையில் அதிகாரிகளும், சட்டை திறந்த நிலையில் நானும். எழுவதா, பாகத்தின்படி இன்னும் கொஞ்ச நேரம் நோயாளியாகவே இருப்பதா என்று எனக்கு விளங்கவில்லை. மூத்த அதிகாரி குனிந்து, "நீங்கள் உண்மையான நோயாளியா?" என்று மெல்லக் கேட்டார். "இல்லை, துவான். மதியச் சாப்பாட்டுக்கு வருகிறவன்" என்றேன்.

நானும் வாசலுக்குப் போனேன். ஆன்ட்டி 'காடி' என்று சொன்ன காரின் ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் சாம்பல் பூத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். "ஒண்ணுமில்லம்மா, ஒரு சோடா குடிச்சா போயிடும்" என்று மாணவியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். மாணவி அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி, "சோடா அப்புறம் அங்கிள், நானே வாங்கித் தரேன்" என்றாள். அவரைத் தள்ளுபடுக்கையில் ஏற்றி உள்ளே கொண்டுபோய் இ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டரம்மா தாளைப் பார்த்தார். பார்த்துவிட்டு அதை மாணவியிடம் நீட்டினார். "சொல்லு. என்னா இது? அடுத்து என்னா?" மாணவி சொன்னது எல்லாம் சரியாக இருந்தது. ஆன்ட்டியின் வீட்டுக்காரர் நாக்கடியில் மாத்திரை வைக்கப்பட்டது. ஆம்புலன்சைக் கூப்பிட்டார்கள்.

ஆம்புலன்ஸ் பின்கொட்டகையில் தயாராகத்தான் நின்றது. அதன் முன்னால் அதிகாரிகள் வந்த பெரிய கறுப்புக் காரும் நின்றது. அதன் ஓட்டுநர் கோப்பி குடிக்கப் போயிருந்தார். அதைப் பார்த்த மூத்த அதிகாரி நேராகக் காரிடம் போனார். தன் கால்சட்டைப் பையில் இருந்த மாற்றுச் சாவியை எடுத்து, தானே ஏறி, வேகமாகப் பின்னால் எடுத்தார். வேலியோரம் இருந்த செம்பருத்திச் செடி, நம் நாட்டின் தேசிய மலர், சக்கரத்தில் சிக்கி உயிர்விட்டது. அன்றைக்கு நேர்ந்த ஒரே மரணம் அதுதான்.

ஆம்புலன்சும் அதிகாரிகளும் போன பிறகு, பாராட்டை எதிர்பார்த்து டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன். நான் விழுந்ததால்தானே ஆன்ட்டி உள்ளே வந்தார், அவர் வந்ததால்தானே விஷயம் தெரிந்தது என்று என் தர்க்கம் தெளிவாக இருந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இனிமே விழாதீங்க. விழுற நோயாளிய எவன் வேணுன்னாலும் கண்டுபுடிச்சிடுவான். காடிக்குள்ள ஒக்காந்துகிட்டே சாவப் போறவன கண்டுபுடிக்கத்தான் நான் இவ்ளோ நாளா கத்துக் குடுக்குறேன்."

நான் நிறையப் படித்திருக்கிறேன் என்று பெயர். ஒரு நாடு தன் பணத்தைப் போட்டு மருத்துவரை உருவாக்க வேண்டுமா, அவர்களை எங்கே அனுப்ப வேண்டும் என்றெல்லாம் பல தலையணைப் புத்தகங்கள் வாதிடுவதைப் படித்து, ஓரத்தில் கோடும் போட்டிருக்கிறேன். அந்த வாசலில் நின்றபோது அவற்றில் ஒரு வரிகூட ஞாபகத்துக்கு வரவில்லை. நகரத்தில் வளர்ந்த ஒரு பெண், தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மொழியில், பாடத்தில் இல்லாத ஒரு சொல்லைக் கேட்டு எழுந்து ஓடினாள். அந்த ஓட்டத்துக்குப் பின்னால் இருந்த வேன், விடுதி, சோறு, ஒரு பருவம் முழுக்க ஒரு மருத்துவரின் பொறுமை, எல்லாவற்றுக்கும் நாங்கள்தான் வரி கட்டியிருந்தோம். நான் கட்டும் வரியைப் பற்றி ஆண்டுதோறும் ஒரு பத்தி எழுதிப் புலம்புவது வழக்கம். அந்த ஆண்டு எழுதவில்லை. ஆசிரியர் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரித்தார்.

மையம் மூடப்படவில்லை. சில மாதம் கழித்து நிதி ஒதுக்கீடு வழக்கம்போல வந்தது. அதற்கும் முன்னதாகவே ஆட்கள் வந்து, ஆம்புலன்ஸ் கொட்டகைக்கு முன்னால் மஞ்சள் கோடு போட்டு, 'வாகனம் நிறுத்தாதீர்' என்று பலகையும் மாட்டிவிட்டுப் போனார்கள். மலாயில் மட்டும் இருந்ததால், தமிழில் ஒன்றை நானே இலவசமாக எழுதிக் கொடுத்தேன். என் தொழில் வாழ்க்கையில் ஓர் உயிரோடு நேரடித் தொடர்புள்ள அறிவிப்பு அது.

டாக்டரம்மா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்தில் இருப்பவர் அன்றைய மாணவிதான்; பொறுப்புக்கு வந்துவிட்டதால் இனி 'அவர்' என்று எழுதுவதே மரியாதை. பயிற்சி மருத்துவராக இருந்து, தற்காலிகப் பணியில் வருடங்களை ஓட்டி, வேலை நிரந்தரமாகுமா ஆகாதா என்று தவித்து, சிங்கப்பூருக்குப் போய்விடலாமா என்றும் யோசித்து, கடைசியில் இங்கேயே வந்துவிட்டார். இந்த வருடம் மாணவர்கள் அதிகம், விடுதியில் கட்டில் போதவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறார். இதைவிட நல்ல குறையை நான் கேட்டதில்லை. தன் மாணவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்கும் தமிழில் பிழை இன்னும் இருக்கிறது. அவர்களும் அதே பிழையோடு பேசுகிறார்கள். நோயாளிகளுக்கு நன்றாகவே புரிகிறது.

போன மாதம் செனாயில் ஒரு கல்யாண விருந்தில் அந்த ஆன்ட்டியைப் பார்த்தேன். பக்கத்தில் அவர் வீட்டுக்காரர் பாயசத்தை மறைத்து மறைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, அன்று கிளினிக்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தது வெறும் நடிப்பு, எனக்கு எந்த நோயும் இல்லை, ஆனால் அந்த நடிப்பால்தான் இவர் பிழைத்தார் என்று தன்னடக்கத்தோடு எடுத்துச் சொன்னேன். ஆன்ட்டி என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கு வந்தது மாரடைப்பு, ஒத்துக்கிறேன். டாக்டருங்க சொன்னா சரிதான். ஆனா ஒங்களுக்கு இருந்தது காத்துதான் தம்பி. தேச்சவ நான், எனக்குத் தெரியாதா?"