ஆறு மீட்டர் வீட்டுக்கு ஒரு தமிழ் டிவி

2018 ஏப்ரல், ஒரு சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு ஓர்லியானிலிருந்து கிளம்பினோம். பாரிசுக்கு வடக்கே உள்ள லா கூர்னெவ் வரை நூற்று நாற்பது கிலோமீட்டர் என்றது வழிகாட்டிக் கருவி. நான் அதை நம்பாமல் மீட்டரைச் சுழியமாக்கிக்கொண்டேன். போய்ச் சேர்ந்தபோது நூற்று நாற்பத்து மூன்று காட்டியது. மூன்று கிலோமீட்டர் எங்கே போனது என்று நான் கேட்டதற்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி லூர்து ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

நாங்கள் ஓட்டிவந்தது காம்பிங்கார். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளே அமைந்த வண்டிக்கு பிரான்சில் அதுதான் பெயர். ஆறு மீட்டர் நீளம், பழைய வண்டி. பணி ஓய்வு பெற்றதும் இதில் ஒரு வருடம் ஊர் சுற்றுவது என்று முடிவு செய்திருந்தேன். மே மாதம் புறப்பாடு, முதலில் ஸ்பெயின், பிறகு போர்த்துக்கல். வீட்டை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்குப் பேசியாகிவிட்டது. லூர்து ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். போகிற இடமெல்லாம் மாலையில் தமிழ் டிவி தெரியவேண்டும். தெரியாவிட்டால் அவள் பாரிசுக்குப் பக்கத்தில் கிரெத்தேயில் இருக்கும் எங்கள் மகள் வீட்டுக்குப் போய்விடுவாள், நான் தனியாகப் போகலாம். இதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. காய்கறி நறுக்கிக்கொண்டே சொன்னாள், அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

இந்தியாவில் இரவு எட்டரை என்றால் கோடைக் கணக்கில் எங்களுக்கு மாலை ஐந்து. அந்த நேரத்துக்கு அவளுடைய தொடர்கள் ஆரம்பிக்கும். வீட்டில் பின்னறை டிவி அதற்கென்றே இருக்கிறது. ஆகவே காம்பிங்காருக்கு எந்தச் சேவை சரிப்படும் என்று விசாரித்து வாங்கிவரத்தான் இந்தப் பயணம். தமிழ் டிவி என்றால் பாரிசில் தமிழர் கடைத்தெருவான லா சப்பலை விட்டால் வேறு இடம் ஏது?

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் பிறந்து, இங்கே வரி அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களின் கணக்குகளைப் பார்த்துப் பார்த்து, பாலையே இரண்டு முறை மோந்து பார்க்கிற ஆளாகிவிட்டேன். இதை நான் குறையாக நினைத்ததில்லை. ஏமாறாமல் ஒரு வீடு கட்டியிருக்கிறேன், ஏமாறாமல் ஒரு மகளுக்குக் கல்யாணம் செய்திருக்கிறேன்.

ஒன்பதரை மணிக்கு லா கூர்னெவ். அடுக்குமாடிகளும் சரக்குக் கிடங்குகளும் நிறைந்த இடம். லா சப்பல் தெருக்களில் ஆறு மீட்டர் வண்டியை நுழைத்தால் திரும்ப எடுக்க முடியாது என்பதால், கிடங்குகளுக்கு நடுவே வாயிற்காவலர் உள்ள ஒரு வாகன நிறுத்துமிடத்தை முன்பே பேசிவைத்திருந்தேன். நாளுக்குப் பன்னிரண்டு யூரோ. காவலர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று புரியாததால் வண்டியின் நான்கு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். லூர்து அவருக்கு வணக்கம் சொல்லி, அவருடைய குழந்தைகள் எத்தனை என்பதுவரை விசாரித்து முடித்திருந்தாள்.

அங்கிருந்து புறநகர் ரயிலில் இரண்டாவது நிறுத்தம் கார் து நோர் என்ற பெரிய ரயில் நிலையம். சனிக்கிழமை, கூட்டம் அள்ளியது. பைக்குள் பையாகக் காலிப் பைகள் வைத்திருந்த பெண்கள் எல்லாம் நாங்கள் போகிற இடத்துக்குத்தான் போகிறார்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. நிலையத்தை விட்டு வெளியே வந்து ஃபோபூர் சான் தெனி தெருவில் வடக்கே நடந்தால் பத்து நிமிடம்கூட ஆகாது. முதலில் ஒரு நகைக்கடை, பிறகு புடவைக்கடை, முருங்கைக்காயை நடைபாதையில் அடுக்கிய மளிகைக்கடை, அதன்பின் கைபேசிக் கடைகள் வரிசையாக. முருங்கைக்காய் கிலோ எட்டு யூரோ தொண்ணூறு. அதையும் படம் எடுத்தேன். ஊர் சுற்றப் போகிறவன் விலைகளைக் குறித்துவைக்கப் பழகவேண்டும் அல்லவா?

பத்தே முக்காலுக்கு முதல் கடை. கைபேசிகளுக்கு நடுவே ஒரு டிஷ் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் நாற்பது வயதுக்குள் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மரியாதையான மனிதர். காம்பிங்கார் என்றதும் ஆர்வமாகிவிட்டார். கூரையில் பொருத்துகிற டிஷ் தானாகவே செயற்கைக்கோளைத் தேடிக்கொள்ளும், பொருத்துக்கூலியோடு ஆயிரத்து எழுநூறு யூரோ. முக்காலியில் வைக்கிற டிஷ் நூற்று நாற்பதுதான், ஆனால் ஒவ்வோர் ஊரிலும் இறங்கிக் கையால் திருப்பவேண்டும். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை.

"அண்ணை, டிஷ் எண்டால் தெற்குப் பக்கம் வானம் திறந்திருக்கவேணும். மரத்துக்குக் கீழை விட்டால் ஒண்டும் தெரியாது. போர்த்துக்கல் பக்கம் போனால் சிக்னலும் குறையும், பெரிய டிஷ் வேணும்" என்றார்.

நிழல் தேடி வண்டியை நிறுத்துகிறவனுக்கு இது சரிப்படாது. வேறென்ன இருக்கிறது என்று கேட்டேன். மேசைக்கு அடியிலிருந்து கைக்கடக்கமான ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். இணையத்தோடு இணைத்தால் போதும், எல்லாத் தமிழ் சானல்களும் வரும், வருடம் நூற்று இருபது யூரோ. மேசைக்கு அடியிலிருந்து ஏன் எடுக்கிறார் என்பதுதான் எனக்குள் ஓடிய முதல் கேள்வி. சேவையை நடத்துகிற நிறுவனம் எது, அலுவலகம் எங்கே, சானல்காரர்களிடம் உரிமை வாங்கியிருக்கிறார்களா, ரசீது தருவீர்களா என்று வரிசையாகக் கேட்டேன். பழக்க தோஷத்தில் கடைசி இரண்டு கேள்விகளும் பிரெஞ்சில் வந்துவிட்டன.

அவர் பெட்டியின் மேலிருந்து கையை எடுக்காமல், "இது ஆக்கள் சொல்லி ஆக்கள் வாங்கிறது. உங்களை ஆர் அனுப்பினது?" என்று கேட்டார்.

யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன் என்றேன். லா சப்பலில் இதைவிட மோசமான பதில் கிடையாது என்பது எனக்கு அப்போது தெரியாது. இன்னார் தங்கச்சி வீட்டுக்காரர், இன்ன ஊர், இன்னாருக்கு நீங்கள் போட்டுக்கொடுத்தது போல எனக்கும் வேண்டும் என்றுதான் அங்கே பேச்சு தொடங்கவேண்டும். எவர் பெயரும் சொல்லாமல், கோட்டுப் போட்டுக்கொண்டு, விலைச்சீட்டுகளைப் படம் எடுத்துக்கொண்டு ஒருவன் ரசீது கேட்டால், அவன் வாங்க வந்தவன் இல்லை. கடைக்காரர் தயங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் லூர்து வாய் திறந்தாள். "இவரு வரி ஆபீசுல இருந்தவருங்க" என்றாள், ஏதோ பெருமையாகச் சொல்கிறவள் போல.

பெட்டி மேசைக்கு அடியில் போய்விட்டது. அது விற்கிற பெட்டி அல்ல, யாரோ திருத்தக் கொடுத்தது என்றார். டிஷ் வேண்டுமானால் தரலாம், அதற்கு ரசீதும் உண்டு என்றார். வெளியே வந்தோம். சொல்லவேண்டாததை ஏன் சொன்னாய் என்று கேட்டேன். உள்ளதைத்தானே சொன்னேன் என்றாள்.

நான்கு கடை தள்ளி இன்னொன்று. இந்த முறை கேள்விகளைக் குறைத்துக்கொண்டு பணிவாகவே கேட்டேன். அந்தக் கடைக்காரர் வயதானவர், திருட்டுப் பெட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. சானல்காரர்களே நடத்துகிற செயலி இருக்கிறது, மாதம் ஏழு யூரோ, ஐரோப்பா முழுக்க ஒரே சிம் போதும் என்று விளக்கத் தொடங்கினார். உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. வரி கட்டித் தருகிற டிவி! எவ்வளவு டேட்டா செலவாகும் என்று கணக்குப் போடக் காகிதத்தை அவர் எடுத்தபோது, லூர்து மறுபடியும் அதே குரலில் என் உத்தியோகத்தைச் சொன்னாள். அவர் காகிதத்தை மெல்ல மடித்து, தன் மகன்தான் இதெல்லாம் பார்க்கிறவன், அவன் இன்றைக்கு வரமாட்டான் என்றார். நேர்மையான வியாபாரிக்குக்கூட வரிக்காரன் கடைக்குள் நிற்பது பிடிக்காது போலிருக்கிறது.

நடைபாதையில் நின்றேன். அதுவரை என் சந்தேகமெல்லாம் கடைகள் மேல்தான். இப்போது அது மெல்லத் திரும்பியது. ஒரு முறை என்றால் வாய் தவறியது, இரண்டு முறையும் காரியம் கூடிவருகிற நேரம் பார்த்து எப்படித் தவறும்? இவள் நமக்கு டிவி கிடைக்கக்கூடாது என்று நினைக்கிறாள் என்று எனக்குப் பட்டது.

பன்னிரண்டரைக்குச் சாப்பிடப் போனோம். மசால் தோசை ஆறரை யூரோ, சட்னி பரவாயில்லை. பக்கத்து மேசையில் ஒரு தாய் தமிழில் கேட்கக் கேட்க, மகள் பிரெஞ்சில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தோசையைப் பிய்க்காமலேயே கேட்டுவிட்டேன், உனக்கு வர விருப்பம் இல்லையா என்று.

லூர்து கையைத் துடைத்துக்கொண்டாள். மறுப்பாள், நான் ஆதாரங்களை அடுக்கலாம் என்று தயாராக இருந்தேன். அவள் மறுக்கவில்லை.

"டிவி கெடச்சிட்டா வேற காரணம் சொல்ல எனக்குத் தெரியல. அதான் சொன்னேன்" என்றாள். சட்னிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, "வீட்ல அஞ்சு மணியானா பின்னறைக்குப் போயி கதவச் சாத்திக்கிறேன். எட்டு மணி வரைக்கும் பால் ஏன் இந்தக் கடையில வாங்கின, யாரு போன்ல, ஏன் சிரிக்கிறன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அந்த வண்டியில நான் எந்தக் கதவச் சாத்திக்கிறது, சொல்லுங்க" என்றாள்.

காம்பிங்காரில் கதவுகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். ஏறுகிற கதவு ஒன்று, குளியலறைக் கதவு ஒன்று. என்னை யாராவது அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. யார் யாரையோ, எந்தெந்தக் கணக்கையோ சந்தேகப்பட்டவன், வீட்டில் தினமும் ஐந்து மணிக்குச் சாத்தப்படுகிற கதவை மட்டும் சீரியலுக்காகச் சாத்துகிறாள் என்று அப்படியே நம்பியிருந்திருக்கிறேன். அவமானமாக இருந்தது, கோபமும் வந்தது, கோபம் யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கிரெத்தேய்க்குப் போய்விடு, நான் வண்டியை விற்றுவிடுகிறேன் என்றேன். அவள் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கடலோரமாக ஓட்டிக்கொண்டு போக அவளுக்கும் ஆசைதானாம். "லிஸ்பன் வரைக்கும் வர்றேன். அப்பறம் பாத்துக்கலாம். ஆனா டிவி விஷயத்த நான் பாத்துக்கறேன், நீங்க வெளியவே நில்லுங்க" என்றாள்.

இரண்டு மணிக்கு நான் ஒரு கைபேசிக் கடைக்கு வெளியே, அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடி வழியாக லூர்து பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. அவள் ஏதோ சொல்ல, கடைக்காரர் சிரித்தார். என்னைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று தோன்றியது. உள்ளே போய் என்ன சிரிப்பு என்று கேட்க இரண்டு முறை காலெடுத்தேன், இரண்டு முறையும் நின்றுகொண்டேன். தெருவே என்னைக் கடந்து மூட்டைகளோடு போய்வந்தது. வரி ஆபீஸ்காரன் என்ற சேதி எனக்கு முன்பே அந்தத் தெருவை வலம் வந்திருக்கவேண்டும். எதிர்க்கடை வாசலில் நின்ற ஒருவர் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் அவள் வந்தாள். டிஷ்ஷும் இல்லை, பெட்டியும் இல்லை. ஒரு சிறிய டேப்லட், அதில் மாதம் ஏழு யூரோ செயலி, ஐரோப்பா முழுக்க வேலை செய்கிற சிம் ஒன்று, காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்று. யார் அனுப்பியது என்று இவளிடமும் கேட்டாராம் கடைக்காரர். என் வீட்டுக்காரர்தான் அனுப்பினார், வெளியே நிற்கிறார் பாருங்கள் என்றாளாம். எவ்வளவு ஆனது என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கும் அந்த விலையை என்னால் தரமுடியவில்லை, மன்னிக்கவேண்டும்.

நான்கரைக்கு லா கூர்னெவ் திரும்பினோம். வண்டி விட்ட இடத்தில் விட்டபடி இருந்தது. ஓர்லியான் சாலையில் அந்நேரம் நெரிசல் என்பதால் ஆறரைக்குமேல் கிளம்பலாம் என்று முடிவு செய்தோம். தேநீர் போட்டேன். ஓர்லியான் வீட்டில் நான்கு அறைகள், ஒரு தோட்டம், இரண்டு மாடி. அங்கே ஒருவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவேண்டுமானால் கூப்பிடவேண்டும். இங்கே நான் கப்பைக் கீழே வைக்கிற சத்தம் அவளுக்குக் கேட்கும், அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்கும். அதை இத்தனை நாள் வசதி என்று நினைத்திருந்தேன்.

ஐந்து மணிக்கு லூர்து டேப்லட்டோடு பின்னால் படுக்கையில் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டினாள். நான் முன்னிருக்கையில் வரைபடத்தை விரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளுக்கும் தேநீர் கொண்டுபோனேன். டேப்லட் மடியில் இருந்தது. திரை இருட்டாக இருந்தது, அவள் அதை முடுக்கவே இல்லை. ஹெட்போனை மட்டும் மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகக் கிடங்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் நிம்மதியாக இருந்தது. ஏன் போடவில்லை என்ற கேள்வி எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. கப்பைச் சத்தம் வராமல் பக்கத்தில் வைத்துவிட்டு முன்னிருக்கைக்குத் திரும்பி வந்தேன்.