வண்டி முதலில் நின்ற இடம்

இறப்புச் சான்றிதழ் வாங்குவது ஒன்றும் கடினமில்லை. இறந்தவர் ஏதாவது ஓர் இடத்தில் இறந்திருந்தால் போதும். ஆஸ்பத்திரி என்றால் ஆஸ்பத்திரியே பதிவுக்கு அனுப்பிவிடும். வீடு என்றால் டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம், மயானத்து ரசீது, இறந்தவரின் ஆதார், நம்முடைய ஆதார், எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ். இறந்த இடம் எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே போக வேண்டும், இருபத்தோரு நாளுக்குள். வாழ்ந்த இடம் கணக்கில்லை, இறந்த இடம்தான் கணக்கு. இன்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

என் அம்மா அப்படி ஓர் இடத்தில் இறக்கவில்லை. ஓடுகிற ஆம்புலன்சில் இறந்தாள். திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவில், காவிரிக்கு அந்தக் கரையிலா இந்தக் கரையிலா என்று அவள் கையைப் பிடித்திருந்த எனக்கே தெரியாத ஒரு நொடியில்.

வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது. பஸ்ஸில் ஒரு பாட்டு ஓடி முடிவதற்குள் பாலத்தைக் கடந்துவிடலாம். ஆனால் ஸ்ரீரங்கம் தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் பெருமாள் படுத்திருக்கிறார். அந்த மண்ணில் உயிர் போனால் மற்றதை அவர் பார்த்துக்கொள்வார் என்று இங்கே பால்காரர் முதல் பேராசிரியர் வரை நம்புகிறார்கள். நம்பாதவர்களும் ரிஸ்க் எடுப்பதில்லை.

அம்மா முசிறிக்காரி, வாழைத்தோட்டத்து வீட்டுப் பெண். அப்பா முசிறி ரூட்டில் கண்டக்டர். கல்யாணமான புதிதில், பிறந்த வீட்டுக்குப் போய்விட்டு அப்பாவின் பஸ்ஸிலேயே திரும்பி வந்திருக்கிறாள். பட்டுப்புடவையோடு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவளிடம் போய் அப்பா டிக்கெட் கிழித்து நீட்டினாராம். "கட்டின பொண்டாட்டிக்கு டிக்கெட் போட்ட ஒரே ஆளு உங்கப்பாதான்" என்று கடைசிவரை சொல்லிக் காட்டினாள். அப்பாவும் விடமாட்டார். "பஸ்ஸு எங்கப்பன் வீட்டுதா? கவர்மெண்ட்டுது."

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்ன காலையில், அம்மா அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, என்னை இந்தக் கரையில விட்டுடாதீங்க. அந்தப் பக்கம் கொண்டு போயிடுங்க."

"கொண்டு போறேன்."

அப்பா சொன்னது அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டு வெளியே வந்தோம். வீட்டைத் திறந்து கூடத்தை ஒழிக்க அப்பா ஆட்டோவில் முன்னால் போனார். நான் அம்மாவோடு ஆம்புலன்சில் ஏறினேன்.

படுத்திருந்தவளுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. நான் கண்டக்டர் மகள். ஒவ்வோர் இடமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்திருச்சும்மா. இது சிந்தாமணி. பாலம் ஏறியாச்சும்மா, தண்ணி ரெண்டு கரையும் தொட்டுப் போகுது. மாம்பழச்சாலைம்மா. அம்மா மண்டபம் ரோடும்மா. சிந்தாமணியில் அவள் விரல் என் உள்ளங்கையில் அசைந்தது, அது நிச்சயம். மாம்பழச்சாலையில் அசையவில்லை, அதுவும் நிச்சயம். நடுவில் ஆறு இருந்தது.

வீட்டு வாசலில் வண்டிக் கதவைத் திறந்ததும் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த எடத்துல?"

"தெரியலப்பா."

தெருமுனை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்று உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தார். கொள்ளிடக் கரையில் காரியம் முடிந்தது. உறவுக்காரர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். அப்பா மட்டும் அந்தக் கேள்வியிலேயே நின்றார். காப்பி டம்ளரைக் கையில் கொடுத்தால், ஆறவிட்டுவிட்டு, "பாலத்துக்கு அந்தாண்டையா, இந்தாண்டையா?" என்பார். பாதிச் சோற்றில் கையை எடுத்துவிட்டு, "சர்டிபிகேட்ல எந்த எடம் போடுவாங்க பாப்பா?" என்பார். அவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். அது நிறைவேறியதா இல்லையா என்று யாராவது அதிகாரமாகச் சொல்ல வேண்டியிருந்தது. நான் சொன்னால் அது ஆறுதல். அவருக்கு ஆறுதல் வேண்டாம்.

சித்தப்பா வழி சொன்னார். "வீட்டுலதான் போச்சுன்னு எழுதிக் குடுங்கண்ணே. டாக்டர்கிட்ட நான் பேசி மாத்திடறேன். யாரு வந்து பாக்கப் போறா?"

"வராத ஸ்டேஜுக்கு டிக்கெட் போடச் சொல்றியா? சர்வீஸ்ல ஒரு நாளும் போட்டதில்ல. இவளுக்கா போடுவேன்?"

"எல்லாருக்கும் ரிட்டையர்மெண்ட் குடுத்தாங்க, அண்ணனுக்கு மட்டும் குடுக்க மறந்துட்டாங்க" என்றார் சித்தப்பா என்னிடம்.

ஆக, காகிதத்தில் ஸ்ரீரங்கம் என்று வர வேண்டும். அது உண்மையாகவும் இருக்க வேண்டும். நான் காகிதங்களை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் இருக்கும் மண்டல அலுவலகத்துக்குப் போனேன்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். "ஆஸ்பத்திரியிலயா, வீட்டுலயா?"

"ஆம்புலன்ஸ்ல மேடம்."

பேனா நின்றது. "ஆஸ்பத்திரியில எழுதிக் குடுக்கலையா?"

"அங்கேருந்து உயிரோடதான் கிளம்பினாங்க."

"வீடுன்னு போட்டுக்கலாம்னா, வரும்போதே இல்லேன்னு டாக்டர் எழுதியிருக்காரே. எந்த எடத்துல போச்சு?"

"சிந்தாமணிக்கும் மாம்பழச்சாலைக்கும் நடுவுல."

எனக்குப் பின்னால், குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கத் தோளில் குழந்தையோடு நின்றவர், "அப்ப ஆத்துலதாங்க பதியணும்" என்றார். யாரோ சிரித்தார்கள். அவரே பதறிப்போய், "தப்பா எடுத்துக்காதீங்கக்கா, வாய் தவறி வந்துருச்சு" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா இருந்திருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

"சிந்தாமணிப் பக்கம்னா அது வேற மண்டலம். அங்க கேட்டுப் பாருங்க" என்றார் ஜன்னல் அம்மாள்.

எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. பள்ளிக்கூடத்திலும் அப்படி, வேலையிலும் அப்படி, எழுதும்போது ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் மொட்டைமாடிக்குப் போய்வருவேன். அன்று மட்டும் கால் வேர் பிடித்துக்கொண்டது.

"அங்க போனா அவங்க உங்ககிட்ட அனுப்புவாங்க மேடம். பஸ்ல, ரயில்ல, வழியில எத்தனையோ பேருக்கு உயிர் போகுது. அவங்களையெல்லாம் எங்கேயாவது பதியறாங்கல்ல? அதுக்குன்னு ஒரு வழி இருக்கும். பார்த்துச் சொல்லுங்க. நான் உக்காந்திருக்கேன்."

பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார், போகமாட்டேன் என்று தெரிந்ததும் எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் சுகாதார ஆய்வாளரோடு திரும்பி வந்தார். இங்கே பிறப்பையும் இறப்பையும் பதிவது அவர்தான்.

"வண்டி வழியில எங்கேயாவது நின்னுதாங்க?"

"இல்ல சார்."

"முதல்ல எங்க நின்னுது?"

"எங்க வீட்டு வாசல்ல."

"அப்ப நம்ம ஆபீஸ்தான். ஓடுற வண்டியில உயிர் போனா, வண்டி முதல்ல எங்க நிக்குதோ அந்த எல்லையில பதியணும். ஆனா வண்டிக்குப் பொறுப்பானவர் வந்து சொல்லணும். டிரைவரைக் கூட்டிட்டு வாங்க."

வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றேன். உயிர் எங்கே போனது என்ற கேள்வியைச் சட்டம் கேட்கவே இல்லை. அது யாருக்கும் தெரியாது என்று முன்பே புரிந்துகொண்ட யாரோ ஒருவர்தான் இந்த விதியை எழுதியிருக்க வேண்டும். அவரும் ஒரு நாள் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பயணம் போயிருப்பார்.

டிரைவருக்கு போன் போட்டேன். "அக்கா, என்னை விட்டுருங்க. என் வண்டியில உயிர் போச்சுன்னு நானே கையெழுத்துப் போட்டா ஓனர் சும்மா விடுவாரா?" வைத்துவிட்டார்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு செருப்பை மாட்டினார். காரியம் முடிந்தபின் அவர் வாசற்படி தாண்டியது அன்றுதான். ஆம்புலன்சுகள் நிற்கும் இடத்தில் அந்த டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் டம்ளரோடு எழுந்தார்.

"தம்பி, உயிர் எங்க போச்சுன்னு நீ ஒண்ணும் சொல்ல வேணாம். வண்டிய நடுவுல எங்கயாச்சும் நிறுத்துனியா?"

"இல்லீங்கய்யா. சிந்தாமணியில எல்லாரும் ஒதுங்கிட்டாங்க. மாம்பழச்சாலையில ஒரு பஸ்ஸு குறுக்க நின்னுச்சு. ராங் சைடுல ஏத்திக் கொண்டாந்துட்டேன்."

"ராங் சைடுலயா?"

அப்பாவின் முகத்தில் பழைய கண்டக்டர் ஒரு கணம் விறைத்தார். பிறகு தளர்ந்தார்.

"நல்லது பண்ணினே. நிறுத்தலேங்கிறதை மட்டும் வந்து சொல்லு. உன் ஓனர்கிட்ட நான் பேசறேன்."

"ராங் சைடையும் எழுதச் சொல்வாங்களா?"

"அது வேணாம்" என்றார் அப்பா, வேகமாக.

ஓனர் நல்ல மனிதராகவே இருந்தார். டிரைவர் மறுநாளே வந்து கையெழுத்துப் போட்டார். சில நாட்களில் செல்போனுக்குச் செய்தி வந்தது. பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து, சூடு ஆறாமல் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அம்மாவின் பெயரை விரலால் தொட்டார். விரல் கீழே இறங்கி, இறந்த இடம் என்ற வரியில் நின்றது. ஆம்புலன்ஸ் வாகனம் என்று இருந்தது. அடுத்து எங்கள் தெரு. அடுத்து, ஸ்ரீரங்கம்.

"இதுல பொய் ஒண்ணும் இல்லியே?"

"இல்லப்பா. ஒரு எழுத்துகூட இல்ல."

"எறக்கிட்டேன்" என்றார், காகிதத்தைப் பார்த்து. என்னிடம் சொல்லவில்லை. அன்று இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கை கழுவியதும் கேட்டார், "ஜெராக்ஸ் எத்தனை எடுத்தே?"

"அஞ்சு."

"பத்து எடு. பேங்க், கேஸ், ரேஷன் கார்டு, எல்லா எடத்துலயும் ஒண்ணு கேப்பான்."

நான் மறுபடி வெயிலில் இறங்கினேன்.