சினை ஊசிக்காரர் ஓர்வில்

அமெரிக்காவின் விஸ்கான்சினில் பதினாறு வருஷமாக மாடுகளுக்குச் சினை ஊசி போட்டு வந்தவர் ஓர்வில் டெட்லஃப். சுற்றுவட்டாரப் பண்ணைகளில் பாதிக் கன்றுகள் அவர் கைராசி. அவருக்கு மட்டும் பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து காபி குடிக்கும் பெரிய மனிதர்களுக்கு அது போதாதா? "ஊர் மாட்டுக்கெல்லாம் போட்டே மருந்து தீந்துபோச்சா ஓர்வில்?" என்பார்கள். அவரும் சேர்ந்து சிரித்து வைப்பார்.

அவர் பிறந்தபோது ஆணா பெண்ணா என்று ஆஸ்பத்திரியில் மூன்று நாள் முடிவாகவில்லை. சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் அடியில், விதைப்பையை ஒட்டி இருந்தது. ஆண்தான் என்று தீர்மானித்துப் பத்து வயதுக்குள் நான்கு முறை அறுத்துத் தைத்தார்கள். பெரிய டாக்டர்கள் படம் பிடித்தார்கள். மாணவர்களைக் கூட்டி வந்து காட்டினார்கள். அந்த டாக்டர்களில் ஒருவர் போகிற போக்கில் அம்மா வெர்னாவிடம், "பேரப்பிள்ளை ஆசையெல்லாம் வெச்சுக்காதீங்க" என்றார். சோதித்துப் பார்த்துச் சொன்னதல்ல. ஆனாலும் வீட்டில் அது வேதவாக்கு. கல்யாணத்துக்கு முன்பே ஓர்வில் அதை டார்லாவிடம் ஒப்பித்துவிட்டார்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து ஒருநாள், உருளைக்கிழங்கு உரித்தபடி டார்லா கேட்டாள்.

"உங்க விந்து நிலையத்துக் காளைங்களுக்கு எப்பப்போ சோதனை?"

"வாரத்துக்கு ரெண்டு தடவை."

"உனக்கு?"

 மறுநாள் வேலைக்குப் போன ஓர்வில் கண்ணாடித் துண்டில் தன் விந்துத் துளி ஒன்றை வைத்து நுண்ணோக்கியில் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. கூட வேலை செய்யும் லெஸ்டர் அவரைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தான்.

"எந்தக் காளைடா இது? என்னமா ஓடுது!"

"புதுசு. இன்னும் பேர் வைக்கல."

பெரிய ஊர் டாக்டரம்மா ஒரே வாரத்தில் சொல்லிவிட்டாள்: "சரக்குல குறையில்ல. தையல் விட்டு, பழைய துளை வழியா எல்லாம் வெளியவே சிந்துது. எடுத்து மெல்லிசான குழாய்ல கர்ப்பப்பைக்குள்ள விட்டா போதும்." பயப்பட வேண்டாம் என்று படம் போட்டுப் பத்து நிமிஷம் விளக்கினாள். ஓர்வில் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். டார்லாவுக்குத்தான் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "டாக்டர், இவர் பொழப்பே அதுதான்!"

மூன்றாம் முறை தங்கியது. வெர்னாவால் நம்ப முடியவில்லை. "அவ்ளோ பெரிய டாக்டர் முடியாதுன்னாரேடா!"

"என்னைப் பார்த்தாரும்மா. பார்க்க வேண்டியதைப் பார்க்கல."

காபிக் கூட்டமும் சும்மா இருக்கவில்லை. குழாய் மாறியிருக்கும், கொம்பு இருக்கிறதா பார்க்க வேண்டும் என்றார்கள். ஓர்வில் அன்றைக்கு அவர்களோடு சேர்ந்து சிரிக்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

டிசம்பர் பனியில் பெண் பிறந்தது. எத்தனையோ கன்றுகளைக் கயிறு கட்டி இழுத்துப் போட்ட மனுஷன், அதன் முதல் அழுகையைக் கேட்டதும் மயங்கி விழுந்தார். நர்சுகள் இரண்டு பேர் சேர்ந்து தூக்கி உட்காரவைத்தார்கள்.