தீர்த்தத்தால் அலம்பிய தகடுகள்

சௌந்தரம் சார் தவறிவிட்டார் என்று அவரிடம் படித்த ஒருவர் திருப்பதியிலிருந்து பஸ் ஏறி விஜயபுரத்துக்கே வந்து சொன்னார். வேர்க்கடலை புடைத்துக்கொண்டிருந்தேன். முறத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

அவரிடம் படித்த நீங்களெல்லாம் அவரைப் பற்றி நிறைய எழுதுவீர்கள். திருப்பதியில் அவருடைய ஆராய்ச்சி அறையில் கண்ணாடிச் சாமான் கழுவியவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முட்டையின் வெள்ளைக்கருவைத் தண்ணீரில் கரைத்து, இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஊற்றி, மின்சாரத்தை மெதுவாகவும் வேகமாகவும் திசை மாற்றி விட்டு அளப்பார். என்ன சார் பார்க்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "புரதம் பெரிய சரீரம். மெதுவா மாத்தினா கூடவே திரும்பும். வேகமா மாத்தினா பெரியவரால முடியாது, தண்ணி மட்டும்தான் திரும்பும்" என்றார். உப்பு மட்டும் இருக்கவே கூடாது. மெதுவான ஓட்டத்தில் அது தகட்டில் போய் அப்பிக்கொண்டு அளவையே கெடுத்துவிடும்.

அவர் குடும்பம் திருமலைக் கோயிலில் கைங்கரியம் செய்கிறது. அதனால் முட்டையை உடைத்துப் பிரிப்பது என் வேலை. முட்டையில் ஆராய்ச்சி என்பதே அவர் அப்பாவுக்குத் தெரியாது.

திருத்தணி ஆந்திராவிலிருந்து பிரிந்து சென்னைப் பக்கம் சேர்ந்த வருஷம், கோடைக்காலத்து அளவுகள் மொத்தமும் உப்பால் பாழாயின. கழுவியவள் நான்தானே. என்னை வேலையிலிருந்து நிறுத்திவிடுவதாக, அங்கே எல்லோருக்கும் தலைவரான பெரிய சார் சொல்லிவிட்டார். அட்டெண்டர் சிரித்துக்கொண்டே, "உங்க தமிழ் ஆளுங்கல்லாம் அந்தாண்ட போய்க்கினு கீறாங்க, நீயும் மூட்டை கட்டும்மா" என்றான். புருஷன் இல்லாதவள் நான். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

சௌந்தரம் சார் எழுந்து நின்றார். "செங்கம்மா நன்னாத்தான் கழுவினா. முட்டை பட்ட தகடாச்சேன்னு, சாயங்காலம் நான்தான் அதை மலைத் தீர்த்தத்தால அலம்பினேன். அந்தத் தண்ணியில கரைஞ்சிருந்த உப்புதான் இது" என்றார்.

என் வேலை தப்பியது. ஆனால் அந்தப் பேச்சு திருமலை வரைக்கும் போய்விட்டது. முட்டைச் சங்கதி தெரிந்த அப்பா, பிரம்மோற்சவத்தில் மகனைக் கைங்கரியத்துக்குச் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகும் சேர்க்கவே இல்லை. அளவுகளை மறுபடி முதலிலிருந்து எடுத்தார் சார். அந்தத் தடவை முட்டையை அவரே உடைத்தார். ஓடு உள்ளே விழுந்துவிட்டது. நான் சிரித்தேன், அவரும் சிரித்தார்.

வெகுகாலம் கழித்துக் கேட்டேன், கைங்கரியம் போனதில் வருத்தமில்லையா சார் என்று.

"இல்லேன்னு சொன்னா பொய். ஆனா உன்னை அனுப்பிட்டு, நான் எந்தக் கையால பெருமாளுக்குப் பூ எடுத்துக் குடுக்கறது?"

அவர் ஞாபகமாக என்னிடம் படம்கூட இல்லை. இந்தக் கேள்விதான் இருக்கிறது.