நூலில் கட்டிய பதுகம்மா

புரட்டாசி அமாவாசை நெருங்கினாலே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிடும். எழுபதுகளில் ஹைதராபாத் ராமச்சந்திராபுரம் குவார்ட்டர்ஸில் குடியிருந்த காலம் முழுக்க அப்படித்தான். காரணம் பக்கத்து வீட்டுக்காரி. மேடக் பக்கத்துத் தெலுங்குக்காரி அவள். அவள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒரே ஷிப்ட், ஒரே கம்பெனி பஸ். அவளுக்கு எல்லாம் பையன்கள், எனக்கு ஒரே பெண். பதுகம்மா பண்டிகைக்கென்று அமாவாசையன்று என் பெண்ணை அழைத்துக்கொண்டு போனால், அஷ்டமி முடிந்துதான் முழுசாகத் திருப்பித் தருவாள்.

முதலில் அந்த ஊர் மழைமேல்தான் எனக்குப் பொறாமை. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் நவராத்திரி என்றால் வெயில் மண்டையைப் பிளக்கும். மழை தீபாவளிக்கென்று காத்திருந்து வந்து பட்டாசை நனைத்துவிட்டுப் போகும். நமத்துப்போன சரவெடியை அடுப்பு மேடையில் காயவைத்து அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். ஹைதராபாத் மழை அப்படியில்லை. ஆனியில் ஆரம்பித்து, பெய்ய வேண்டியதைப் பெய்துவிட்டு, நவராத்திரிக்கு மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும். அது ஒதுங்கின கையோடு காம்பவுண்டுக்கு அப்பால் பொட்டல் முழுக்க ஆவாரம்பூ பூத்துவிடும். தங்கேடு என்பார்கள். கூடவே குனுகு என்று கதிர் கதிராக ஒரு காட்டுப்பூ. பண்டிகைக்கு வேண்டியதையெல்லாம் மழையே கொண்டுவந்து அவர்கள் வாசலில் கொட்டிவிடும். நானோ டிரங்க் பெட்டியைத் திறந்து, பழைய பேப்பர் சுற்றிய பொம்மைகளைத் துடைத்துக் கொலு வைக்க வேண்டும். மழை பெய்தாலும் காய்ந்தாலும் என் செட்டியாருக்கும் செட்டிச்சிக்கும் ஒரே முகம்தான்.

சாயங்காலம் விளக்கேற்றி, சுண்டலைத் தாளித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருத்தியும் வர மாட்டாள். எல்லாரும் மைதானத்தில் இருப்பார்கள். தாம்பாளத்தில் பூசணி இலை பரப்பி, அதன்மேல் பூவைக் கோபுரமாக அடுக்கி, நடுவில் வைத்துக் கைதட்டிப் பாடிச் சுற்றுவார்கள். அந்தப் பூக்கோபுரத்துக்கும் பதுகம்மா என்றுதான் பேர். அந்தப் பாட்டு ஜன்னல் வழியே வந்து என் கொலுவுக்கு முன்னால் சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். ஆட்டம் முடிந்த பிறகு ரெண்டு பேர் எட்டிப் பார்த்து, "பாகுந்தி" என்று பாராட்டிவிட்டுச் சுண்டலோடு போவார்கள். என் பெண் தொண்டை கட்டிக்கொண்டு வருவாள். பாடச் சொன்னால் காற்றுதான் வரும்.

"கொலு முன்னால கொஞ்ச நேரம் உக்காரேன்டி" என்று கெஞ்சுவேன்.

"நக்கோ அம்மா, பெத்தம்மா பிலுஸ்துந்தி" என்பாள். வேண்டாமாம், பக்கத்து வீட்டுப் பெரியம்மா கூப்பிடுகிறாளாம். எந்த ஊர்ப் பெரியம்மா? இவளை அவளா பெற்றாள்?

பெண்ணுக்கு எட்டு வயதான வருஷம் நல்ல மழை. ஆவாரம்பூ எக்கச்சக்கம். கடைசி நாளுக்கு நானே ஒரு பதுகம்மா செய்வதென்று எனக்கு வீம்பு பிறந்தது. அவளுடையதைவிட உயரமாகச் செய்தால் பெண் என் பக்கத்தில்தானே நின்றாக வேண்டும்?

"உனக்கு எதுக்கு இந்தப் போட்டி? கேட்டா அவங்களே சொல்லித் தருவாங்க" என்றார் வீட்டுக்காரர்.

அவளிடம் போய்க் கேட்பதாவது. பூத் தொடுக்க எனக்கு ஒருத்தி பாடம் எடுப்பதா? கல்யாணத்துக்கு முன்பே நான் கட்டும் கதம்பத்துக்கு எங்கள் தெருவில் தனிப் பேர்.

அஷ்டமியன்று காலையில் நானும் பெண்ணும் பொட்டலுக்குப் போய்க் கூடை நிறையப் பறித்து வந்தோம். பூவையெல்லாம் நெருக்கமாகச் சரம் கட்டி, சரங்களைக் கீழிருந்து வளைத்து வளைத்து ஏற்றி, ஆடாமல் நிற்க நூலால் சுற்றி இறுக்கினேன். பெண் பக்கத்து வீட்டுப் பக்கமே போகவில்லை. "இன்னும் மேல, இன்னும் மேல" என்று என்னோடேயே இருந்தாள். எனக்கு அது போதும் போலிருந்தது.

மைதானத்தில் என்னுடையது அவளுடையதைவிட ஒரு ஜாண் உயரம். பக்கத்து வீட்டுக்காரி அதை உற்றுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, பேசாமல் இருந்துவிட்டாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாட்களில் யார் முகத்தைப் பார்த்தாலும் எனக்கு அதுதான் தெரியும்.

பொழுது சாய்ந்ததும் பதுகம்மாவைக் கரைக்க ஏரிக்குப் போனோம். தண்ணீர் கரைமட்டும் நின்றது. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கித் தங்கள் பதுகம்மாவைத் தண்ணீரில் விட்டார்கள். அவர்கள் பூவை வெறுமனே அடுக்குவதோடு சரி, நூலே போடுவதில்லை என்பதை அப்போதுதான் கண்டேன். தண்ணீர் பட்டதும் பூக்கள் தனித்தனியாகப் பிரிந்து, மெதுவாக ஏரியில் பரவின.

என்னுடையது பிரியவில்லை. அடியிலிருந்த பூசணி இலை கழன்றுகொண்டது. பூ மட்டும் மூட்டையாகக் குப்புறக் கவிழ்ந்து, கரையையே முட்டிக்கொண்டு நின்றது. ஒருத்தி கழியால் தள்ளிவிட்டாள். போய்விட்டுத் திரும்பி வந்தது. முதலில் யாரோ ஒருத்தி சிரித்தாள், அப்புறம் எல்லாரும். பக்கத்து வீட்டுக்காரியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நவ்வொத்து!"

சிரிக்காதே என்று கத்தியது என் பெண். "மா அம்மா பேர்ச்சிந்தி! மா அம்மா!" எங்கம்மா அடுக்கினது, எங்கம்மா. கட்டின தொண்டையை வைத்துக்கொண்டு, தன் பெத்தம்மாவின் முகத்தைப் பார்த்தே கத்தினாள். சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி தண்ணீரில் இறங்கி, என் மூட்டையை இரண்டு கையாலும் ஆழத்துக்குத் தள்ளிவிட்டு வந்தாள்.

திரும்பும்போது பெண் என் கையை விடவில்லை. பெத்தம்மா கூப்பிட்டும் போகவில்லை. நான் ராணி மாதிரி நடந்தேன். பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. என் பெண் எனக்காகச் சண்டை போட்ட பாஷை, அந்த மைதானத்தில் பக்கத்து வீட்டுக்காரி சொல்லிக்கொடுத்தது. என் தமிழில் அப்படிக் கத்தப் பெண்ணுக்கு வந்திருக்காது. இதையும் அவளிடமிருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்ததா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.